மசினகுடியும் எங்க ஆபீஸ் டூரும் - ஒரு வயித்தெரிச்சல் பதிவு

டிஸ்கி: இது பயணக் கட்டுரை இல்ல. எந்த ரூம்ல இருந்து பாத்தா மலை தெரியும், காலைல இட்லி சூடா கிடைக்குமான்னு தேடி வந்தவங்க அப்படியே பின்வாசல் வழியா எஸ்கேப் ஆயிடுங்க. மலைவாச ரிசார்ட்டு நடத்துறவங்க யாராவது படிச்சா ஆட்டோ அனுப்ப வேணாம், பின்னூட்டத்துலயே திட்டலாம்.

போன வாரம் ஆணி கொஞ்சம் கம்மியா இருந்த ஒரு மத்தியானம், எங்க டமேஜர் வாட்ஸப் குரூப்புல ஒரு ஓட்டெடுப்பு வெச்சார். டீம் அவுட்டிங் எங்க போகலாம்? கோவாவுக்கு பட்ஜெட் இல்ல. கூர்க் போன வருசமே போயாச்சு. பெங்களூருல பொட்டி தட்டுறவனுக்கு அடுத்து மிச்சம் இருக்கறது மசினகுடிதான். கூடவே ஒரு ரிசார்ட்டோட பிடிஎஃப் வந்துச்சு. முதல் பக்கத்துலயே "வருடம் முழுவதும் சீசன்"னு கொட்டை எழுத்துல. ஏப்ரல், மே மாசம் குழந்தைகளுக்கு கோடை முகாம், நீச்சல் குளம். ஜூன்ல இருந்து மழை நடை. செப்டம்பர், அக்டோபர் ரெண்டாவது சீசன். டிசம்பர்ல கேம்ப் ஃபயர், டிஜே. எல்லா மாசத்துக்கும் பொதுவா கடைசில ஒரு வரி: "நைட் வைல்ட்லைஃப் ரைடு, தனிக் கட்டணம்."

அந்தக் கடைசி வரியைப் பாத்ததும் எனக்கு வயித்துக்குள்ள என்னமோ பண்ணுச்சு. காரணம் இருக்கு. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

2022 மே மாசம். கொரோனா அடங்கி எல்லாரும் கூண்டுல இருந்து விட்ட மாதிரி கிளம்பின நேரம். காலேஜ் பசங்க எட்டு பேர் அதே ஏரியால ஒரு ரிசார்ட்டுக்குப் போனோம். ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் ஜீப்ல ஏத்தினாங்க. மெயின் ரோட்டுக்குப் போகல, ஊருக்குப் பின்னால இருக்கற மண்ணு ரோடு. டிரைவர் தம்பி கைல ஒரு பெரிய டார்ச். அரை மணி நேரம் நாலு மான், ஒரு முயல்னு மொக்கையா போச்சு. அப்புறம் ஒரு வளைவுல வண்டிய நிறுத்தினான். நேரா ஹெட்லைட் வெளிச்சத்துல ஒரு பெண் யானை, காலுக்கு நடுவுல குட்டி.

அது எங்கள முட்ட வரல. பிளிறல. வெளிச்சத்துல கண்ணு கூசி ஒரு நிமிசம் நின்னுச்சு. அப்புறம் தும்பிக்கையால குட்டியத் தள்ளித் தள்ளி, வந்த வழியே புதருக்குள்ள திரும்பிப் போயிடுச்சு. நாங்க கை தட்டினோம். ஆமா மக்களே, கை தட்டினோம். எட்டு இஞ்சினியருங்க. போட்டோ மங்கலாதான் வந்துச்சு, ஆனாலும் அதுக்கு எரநூத்துச் சொச்சம் லைக்கு.

மறுநாள் காலைல ரூம் கூட்ட வந்த பெரியவர்கிட்ட பெருமையா சொன்னேன். ஏனுங்ணா, நேத்து யானை பாத்தோமுங்கன்னு. நான் மேட்டுப்பாளையத்துக்காரன், வாய் தானா கொங்குக்குப் போயிடும். அவர் இருளர், பக்கத்துக் கிராமம். வெளக்கமாத்தை நிறுத்தாமலே சொன்னார். "அது தண்ணி குடிக்க வருதுங்க சார். அந்த ரோட்டுக்கு அந்தாண்ட ஒரு குட்டை இருக்குது. ரெண்டு மூணு நாளா வந்து வந்து திரும்புதுங்க."

அவ்வளவுதான் சொன்னார். திட்டல, ஒண்ணும் இல்ல. நான் போய் பாத்தேன். நாங்க ஜீப்ப நிறுத்தின இடத்துல இருந்து நூறு அடி இருக்கும். காஞ்சு வெடிச்ச குளம், நடுவுல மட்டும் சேத்துத் தண்ணி. ஒரு யானைக்கு ஒரு நாளைக்கு நூறு லிட்டருக்கு மேல தண்ணி வேணும். அதுக்குப் போற வழில நாங்க தனிக் கட்டணம் கட்டி உக்காந்திருந்தோம்.

இப்ப விசயத்துக்கு வரேன். சீசன்னு ஒரு வார்த்தை சொல்றோமே, அது யாரோட சீசன்?

ஊட்டிக்கு அந்த வார்த்தைய கொண்டு வந்தது வெள்ளைக்காரன். மெட்ராஸ் வெயில் தாங்காம அரசாங்கத்தையே மூட்டை கட்டி மலைக்கு ஏத்தின ஆளுங்க. 1848ல தாவரவியல் பூங்கா, 1896ல முதல் மலர் கண்காட்சி, மே மாசம் ஆனா இன்னிக்கு வரைக்கும் அதே பழக்கம். ஊட்டி ஊருக்குள்ள அது ஓரளவு சரி. பூந்தொட்டிக்கு யாரும் வழி விட வேண்டியதில்ல. ஆனா மலைல இருந்து 36 கொண்டை ஊசி வளைவு இறங்கி கல்லட்டி வழியா சீகூர் பக்கம் வந்தா அங்க இருக்கறது வேற காலண்டர். அத நம்ம பள்ளிக்கூட லீவோ, ஐடி கம்பெனி லாங் வீக்கெண்டோ போட்டது இல்ல. தண்ணி போட்ட காலண்டர்.

மசினகுடி மலைக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கற ஊர். தென்மேற்குப் பருவமழை கூடலூர்ல கொட்டோ கொட்டுன்னு கொட்டும். அங்க இருந்து முதுமலை தாண்டி இந்தப் பக்கம் வர வரக் குறைஞ்சு தூறலாயிடும். மழை மறைவுப் பகுதி. அக்டோபர், நவம்பர்ல வடகிழக்கு மழை கொஞ்சம் ஈடு கட்டும். அப்பதான் காடு பச்சையா இருக்கும், மானெல்லாம் கொழுகொழுன்னு திரியும். ஜனவரி தாண்டினா இலை உதிர ஆரம்பிக்கும். பிப்ரவரி, மார்ச்ல புல்லு காஞ்சு சருகு. ஒரு பீடித் துண்டு போதும். 2019 பிப்ரவரில பக்கத்துல பந்திப்பூர்ல ஆயிரக்கணக்கான ஏக்கர் எரிஞ்சுது, ஞாபகம் இருக்கா? வறட்சி ரொம்ப முத்தின வருசங்கள்ல, தீ பயத்துல வனத்துறை முதுமலைல சுற்றுலாவையே கொஞ்ச நாள் நிறுத்தி வெச்சதுண்டு. அதாவது காட்டுக்காரனே உள்ள வராதீங்கன்னு சொல்ற நேரம். கோடை மழை எட்டிப் பாக்கற வரைக்கும் இதே கதைதான். கரெக்டா அப்பதான் நம்ம பசங்களுக்குப் பரீட்சை முடியுது, நம்ம ஆளுங்க ரூம் புக் பண்றாங்க.

யானை என்ன பண்ணும்? நடக்கும். கூட்டத்துலயே வயசான பெண் யானை முன்னால போகும். எந்த மாசம் எங்க தண்ணி நிக்கும்னு அதுக்குத்தான் தெரியும். முதுமலைல இருந்து மோயாறை ஒட்டி சத்தியமங்கலம் பக்கம் போகணும், வரணும். மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கை கோக்கற இடம் அது. ஒரு பக்கம் நீலகிரியோட செங்குத்துச் சரிவு, யானை ஏற முடியாது. இன்னொரு பக்கம் மோயாறு பள்ளம், இறங்க முடியாது. நடுவுல மாட்டிக்கிட்ட ஒரு மேட்டுநிலம்தான் சீகூர். நெட்வொர்க் படிச்சவங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, ரெண்டு பெரிய டேட்டா சென்டருக்கு நடுவுல ஒரே ஒரு கேபிள். அந்த கேபிள் மேல நம்ம கட்டில் போட்டு, வேலி போட்டு, வேலிக்குக் கரண்டு விட்டு, கேம்ப் ஃபயர் பத்த வெச்சு, "யானை வருது, போட்டோ எடுங்க"ன்னு சொல்றோம். யானை ரிசார்ட்டுக்கு வரல சாமி. ரிசார்ட்டுதான் யானை ரோட்டுக்கு வந்துச்சு.

இது நான் கண்டுபிடிச்சது இல்ல. தமிழ்நாடு அரசு 2010லயே சீகூர் யானை வழித்தடத்த அறிவிச்சாச்சு. யானை ராஜேந்திரன்ங்கற வக்கீல் போட்ட பொதுநல வழக்கு. ரிசார்ட்டுக்காரங்க எதுத்தாங்க. 2011ல சென்னை உயர் நீதிமன்றம் அரசு சொன்னது சரின்னுது. உச்ச நீதிமன்றம் போனாங்க. 2018 ஆகஸ்ட்ல அங்க போட்ட உத்தரவுல கலெக்டர் 27 ரிசார்ட்டுக்கு சீல் வெச்சார். 2020 அக்டோபர் 14ஆம் தேதி உச்ச நீதிமன்றம் வழித்தடம் செல்லும்னு தீர்ப்பே குடுத்துடுச்சு. பத்து வருசம். எங்க கம்பெனில ஒரு பக் இத்தனை நாள் ஓபனா இருந்தா மொத்த டீமையும் வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க.

தீர்ப்பு வந்த மூணு மாசத்துல என்ன நடந்துச்சு? 2021 ஜனவரி. மசினகுடில ஊருக்குள்ள வந்த ஒரு ஆண் யானை மேல எரியற டயரைத் தூக்கிப் போட்டாங்க. ஏற்கெனவே முதுகுல காயத்தோட திரிஞ்ச யானை. காதுல தீ பிடிச்சு அது ஓடற வீடியோ நீங்களும் பாத்திருப்பீங்க. 19ஆம் தேதி தெப்பக்காடு முகாமுக்கு லாரில கொண்டு போற வழில செத்துப் போச்சு. லாரில இருந்து தொங்கின தும்பிக்கையப் பிடிச்சுக்கிட்டு ஒரு வனத்துறை ஊழியர் அழுத வீடியோவும் வந்துச்சு. அந்த வாரம் பூரா எல்லாரும் பொங்கினோம். நானும் பொங்கினேன். கண்ணீர் ஸ்மைலி எல்லாம் போட்டு ஸ்டேட்டஸ் வெச்சேன். அதே நான்தான் அடுத்த வருசம் ஜீப்ல உக்காந்து கை தட்டினேன். அதனாலதான் இந்தப் பதிவுல ரிசார்ட்டுக்காரனை விட நம்மளத் திட்டறது நியாயம்னு நினைக்கறேன். வாங்க ஆள் இல்லாத எதையும் யாரும் விக்கறது இல்ல.

சரி, எதிர்க்கேள்விக்கு வருவோம். குரூப்புல இதெல்லாம் சுருக்கமா சொன்னதும் வந்த பதில்கள் இவை.

"லோக்கல் ஜனங்க பொழப்பு போயிடுமேடா?"

இது நல்ல கேள்வி, இத நான் நக்கல் பண்ண மாட்டேன். ரிசார்ட்டுகளுக்கு சீல் வெச்சப்ப மசினகுடில டீக்கடைக்காரங்க, ஜீப் ஓட்டறவங்க, ரூம் பாய்ஸ் எல்லாம் அடி வாங்கினது உண்மை. 2025ல உயர் நீதிமன்றம் வண்டிகளுக்கு உச்சவரம்பு வெச்சப்ப நீலகிரி வியாபாரிங்க கடையடைப்பே நடத்தினாங்க. வெறும் பேராசைன்னு அவங்களச் சொல்றது அயோக்கியத்தனம். ஆனா ஒண்ணு கேக்கறேன். நம்ம கட்டற ராத்திரிக்கு எட்டாயிரம் ரூவால அந்தப் பெரியவருக்கு எவ்வளவு போச்சு? அவர் ஊரச் சுத்தி இருக்கற காட்ட வித்து வந்த காசுல அவர் கைல இருந்தது வெளக்கமாறு. அதே கூடலூர் பக்கம் பழங்குடி மக்கள் காட்டுல மண்டிக் கெடக்கற உண்ணிச்செடியை வெட்டி, அதுலயே ஆளுயரத்துக்கும் மேல யானை பொம்மைங்க செஞ்சாங்க. 2021ல லண்டன் பூங்காக்கள்ல கூட்டம் கூட்டமா நின்னுச்சு அந்த யானைங்க. காட்டுக்குக் கேடு செய்யற செடியும் குறையும், காசும் வரும். பொழப்புக்கு வழி ஒண்ணே ஒண்ணுதான்னு சொல்றவங்க பெரும்பாலும் ரூம் வாடகை வாங்கறவங்களா இருக்காங்க.

"நீ மட்டும் பாத்துட்ட, நாங்க பாக்க வேணாமா?"

ஹிஹி. இது நேரா மூக்குல விழுந்த குத்து. பதில் இருக்கு. பாருங்க. முதுமலைல வனத்துறையே தெப்பக்காட்டுல இருந்து காலைலயும் சாயங்காலமும் வேன்ல கூட்டிட்டுப் போறாங்க. டார்ச் இல்ல, டிஜே இல்ல, யானை வருங்கற உத்தரவாதமும் இல்ல. சில நாள் மயிலும் புள்ளிமானும் மட்டும்தான். அதுதான் காடு. நான் ஒரு டிசம்பர்ல தனியா அப்படிப் போனேன். யானையே வரல. ஆனா கூட வந்த ஒருத்தர் வானத்தைக் காட்டி பாறு கழுகுன்னார். மோயாறு ஓரத்துல நீர்மருது மரங்கள்ல கூடு கட்டற சாதி. மாட்டுக்குப் போடற டைக்ளோஃபினாக் மருந்து செத்த மாட்டுல இருந்து உள்ள போய் இந்தியா பூரா இதுங்க கொத்துக் கொத்தா செத்ததும், 2006ல அந்த மருந்தை மாட்டுக்குப் போடறதுக்குத் தடை வந்ததும் அப்புறம்தான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். வருசத்துக்கு ஒரே ஒரு முட்டை. மழைக்காலம் முடிஞ்சு கூடு கட்ட ஆரம்பிச்சா குஞ்சு பறக்கறதுக்குள்ள கோடை வந்துரும். நம்ம நியூ இயர் பார்ட்டி, பொங்கல் லீவு, கோடை முகாம் எல்லாம் அதோட ஒரே முட்டைக்கு நடுவுல வருது. பிடிஎஃப்ல இதுக்கு ஒரு வரி கூட இல்ல. கழுகு பாக்க எவன் தனிக் கட்டணம் கட்டுவான்?

"எல்லாரும் போறாங்க, நாம ஒரு வண்டி போகாட்டி என்ன ஆயிடும்?"

இத ஒரு சாஃப்ட்வேர் ஆளு கேக்கறப்பதான் எனக்கு ஆத்திரமா வருது. ஒரு ரிக்வெஸ்ட்டால எந்த சர்வரும் விழறது இல்ல. ஒவ்வொருத்தனும் "நான் ஒரு ரிக்வெஸ்ட்தானே"ன்னு நினைக்கறப்பதான் விழுது. அதுக்குத்தானே நாமளே ரேட் லிமிட் வெக்கறோம்? 2024 மே 7ல இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயம் ஆனது அதுதான். 2025 ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும் நீலகிரிக்கு வார நாள்ல 6,000 வண்டி, சனி ஞாயிறுல 8,000 வண்டின்னு நீதிமன்றம் எண்ணிக்கையே போட்டுச்சு. ஆறாயிரம் குறைச்சலா? மேட்டுப்பாளையத்துல மே மாசம் எங்க வீட்டு வாசல்ல நின்னு பாருங்க. கேஸ் சிலிண்டர் வண்டி உள்ள வர முடியாது. எங்கம்மா மே மாசம் முழுக்க கல்லாறு பக்கம் இருக்கற சித்தி வீட்டுக்குக் கூட போறதில்ல. மூணு கிலோமீட்டருக்கு ஒண்ணரை மணி நேரம்.

பந்திப்பூர், முதுமலை ரோட்டுல ராத்திரி ஒம்போது மணில இருந்து காலை ஆறு வரைக்கும் கேட்டு மூடறது 2009ல இருந்து இருக்கு. அதையும் நம்மாளுங்க எப்படி மதிக்கறாங்க தெரியுமா? வெள்ளிக்கிழமை நைட்டு பெங்களூருல கிளம்பி அஞ்சரைக்கே கேட்ல போய் வரிசைல நிக்கறது. ஆறு மணிக்குத் திறந்ததும் பந்தயத்துல விட்ட மாதிரி ஓட்டறது. விடியற நேரம் ரோட்டைத் தாண்டற மிருகத்துக்கு அந்த கேட்டு திறந்த சத்தம் எப்படி இருக்கும்னு நான் யோசிச்சதே இல்ல, அந்த வரிசைல நாலு தடவை நின்னிருக்கேன்.

இப்ப சக பதிவர்களுக்கு. இது உள்குத்து இல்ல, நேர்குத்துதான். தெப்பக்காட்டு முகாமைப் பத்தி எடுத்த படத்துக்கு 2023ல ஆஸ்கர் கிடைச்சதும் நம்மள்ல எத்தனை பேர் பொம்மன், பெள்ளி கூட போட்டோ எடுக்கப் போய் பதிவு போட்டோம்? யாருக்கும் தெரியாத அருவி, கூட்டமே இல்லாத வியூ பாயிண்ட்டுன்னு வழி, கூகுள் மேப்பு லிங்க்கு எல்லாம் குடுத்து எழுதறோம். அடுத்த லீவுக்கு அங்க பிரியாணிப் பொட்டலமும் பீர் பாட்டிலும் கெடக்கும். நம்ம பதிவுக்கு ஹிட்ஸ் எகிறும். நான் 2022ல எழுதின மசினகுடி பதிவை நேத்துதான் தூக்கினேன். அதுல அந்த யானை போட்டோவும், ரிசார்ட்டு போன் நம்பரும், "நைட் ரைடு மிஸ் பண்ணாதீங்க"ங்கற வரியும் இருந்துச்சு. அதைப் பாத்து போய்ட்டு வந்து நன்றி சொல்லி ஒம்போது பின்னூட்டம். ஒம்போது ஜீப்.

தூக்கினதுல எனக்கு ஒண்ணும் பெருமை இல்ல. மூணு வருசத்துக்கு மேல கூச்சமே இல்லாம வெச்சிருந்தேன்.

ஓட்டெடுப்பு என்னாச்சுன்னு கேக்கறீங்களா? 11க்கு 4. தோத்தாச்சு. டமேஜர் தனியா கூப்பிட்டு "என்னப்பா, டீம் ஸ்பிரிட்டு இல்லாம இருக்கியே"ன்னு அன்பா விசாரிச்சார். அப்ரைசல் நேரம் வேற. நான் வரல சார்னு சொல்லிட்டேன். கல்யாணம் பண்ணி வெச்சா திருந்துவான்னு எங்கம்மாகிட்ட எவனோ போட்டுக் குடுத்திருக்கான், அது தனிக் கதை.

ஆனா நைட் ரைடு தனிக் கட்டணம்ங்கறதால அதுக்கு மட்டும் தனியா பேர் குடுக்கணும். எட்டு பேர் குடுத்திருந்தாங்க. ஆறு பேருக்குக் கீழ போனா ஜீப் எடுக்க மாட்டாங்களாம். நேத்து சாயங்காலம் டீக்கடைல ரெண்டு பேர்கிட்ட அந்தச் சேத்துக் குட்டை கதைய சொன்னேன். ராத்திரியே பேரை எடுத்துட்டாங்க. இப்ப சரியா ஆறு. புதுசா சேந்த பையன் ஒருத்தன் இருக்கான், திருநெல்வேலிக்காரன், யானைன்னா உசுருன்னு சொல்லிட்டுத் திரியறவன். நாளைக்கு அவனுக்கு ஒரு டீயும் வடையும் வாங்கிக் குடுக்கலாம்னு இருக்கேன்.